வராத எம்.பி.யும் வாசிக்கப்படாத ஹன்சாட்டும்

நமது சிறுகதைகளில் ஒரு பாத்திரம் அடிக்கடி வந்துபோகிறது. அவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. கதை முழுவதும் 'எம்.பி.' என்றே அழைக்கப்படுவார். வெள்ளை உடுப்பு, கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வாகனம், முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள். தேர்தலுக்கு முன் ஒரு மூதாட்டியின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, பாயில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். வென்ற பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். மூதாட்டி அவரைத் தேடிக் காரியாலயத்துக்குப் போவாள். இணைப்பாளர், "சேர் கூட்டத்தில இருக்கார், நாளைக்கு வாங்க" என்பார். அவள் திரும்பி வரும் வழியில் மழை பெய்யும். அத்துடன் கதை முடியும்.

பிரதேச மட்ட இலக்கியப் போட்டிகளில் நடுவராக இருந்தவன் என்ற வகையிலும், நம்மவர் சஞ்சிகைகளை விடாமல் வாசிப்பவன் என்ற வகையிலும் இந்தக் கதையைப் பல தலைப்புகளில் பல தடவை வாசித்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைக் குறிப்பிடப் போவதில்லை. அவர்களுள் என் நண்பர்களும் உளர். மேலும் கதை ஒன்றேயாக இருப்பதால் ஒருவரைக் குறிப்பிட்டால் மற்றவர்களுக்கு அநீதியாகும்.

இக்கதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரின் வயல் வீதிக்கு மூன்று தேர்தல்களில் மூன்று தடவை அடிக்கல் நாட்டப்பட்டது. மாரி வந்தால் பிள்ளைகள் இன்றும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பாடசாலைக்கு வருகிறார்கள். 'ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி' என்ற பழமொழிக்கு நமது அரசியல்வாதிகளைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆயினும் விமர்சகனின் கேள்வி வேறு. உண்மையான ஒரு விடயத்தைச் சொல்லும் இக்கதைகள் ஏன் நல்ல கதைகளாக இல்லை? வாசித்து முடித்ததும் "சரியாச் சொன்னீங்க" என்று தலையாட்டுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். வாசகனுக்கு ஏற்கனவே தெரிந்ததை மட்டும் அவை சொல்கின்றன. அத்தோடு, அவன் குற்றமற்றவன் என்ற நற்சான்றையும் கையில் கொடுத்து அனுப்புகின்றன.

இக்கதைகள் எதை விட்டுவிடுகின்றன என்பதைப் பார்ப்போம். முதலாவதாக, அந்த எம்.பி. யாருடைய எம்.பி. என்பதை அவை சொல்வதில்லை.

1977 ஜூலைத் தேர்தல் வரை இந்த நாட்டில் தொகுதி இருந்தது. கல்முனைக்கு ஒருவர், சம்மாந்துறைக்கு ஒருவர், பொத்துவிலுக்கு இருவர் எனத் தெரிவுசெய்யப்பட்டனர். பொத்துவில் இரட்டை அங்கத்துவத் தொகுதி. சேர்ந்து வாழும் இரு சமூகங்களுள் சிறியதும் குரலின்றிப் போகக்கூடாது என்பதே அத்தகைய தொகுதிகளின் நோக்கம். அக்காலத்து உறுப்பினர்கள் எல்லோரும் உத்தமர்கள் அல்லர். கட்சி தாவியோர் அன்றும் உண்டு. ஆனால், வீதி உடைந்தால் யாருடைய வாசலில் போய் நிற்பது என்பது வாக்காளனுக்குத் தெரிந்திருந்தது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டதால், புதிய முறையின் முதலாவது பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரி 15இல்தான் நடந்தது. இன்று 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். கல்முனையும் சம்மாந்துறையும் பொத்துவிலும் அம்பாறையும் திகாமடுல்ல என்ற ஒரே தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் பிரிவுகள் மட்டுமே. நாம் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சியின் மூவருக்கு விருப்பு வாக்கு இடுகிறோம். சிறுபான்மையோரின் ஆசனங்களைப் பெருமளவு காத்தது இம்முறையே என்பதை மறுக்க முடியாது. ஆனால், மாவட்டம் முழுவதற்கும் உரிய எம்.பி. எந்த ஒரு தெருவுக்கும் உரியவர் அல்லர். எல்லோருக்கும் பொதுவான மாட்டுக்கு யாரும் தண்ணி காட்டுவதில்லை என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இங்கே மாடுதான் நமக்குத் தண்ணி காட்டுகிறது.

இன்னுமொன்று. ஆசனம் வெற்றிடமானால் பட்டியலில் அடுத்தவர் வருகிறார், இடைத்தேர்தல் இல்லை. ஐந்து வருடங்களின் நடுவே ஓர் உறுப்பினரைக் கண்டிக்க வாக்காளனிடம் எந்த ஆயுதமும் இல்லை. கட்சியிடம் மட்டும் ஓர் ஆயுதம் உண்டு. 2023 ஒக்டோபரில், மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் ஒருவரை அவரது கட்சி நீக்கியது செல்லும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஆசனத்தை இழந்தார். கட்சியின் முடிவை மீறியவருக்குத் தண்டனை இருக்கிறது. வாக்காளனின் நம்பிக்கையை மீறியவருக்கு இல்லை. எழுத்தாளனுக்கு இது எவ்வளவு பெரிய கரு! நமது கதைகளோ இக்கட்டமைப்பின் பக்கம் திரும்பாமல், ஒரு கெட்ட மனிதனின் கறுப்புக் கண்ணாடியை வர்ணித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவதாக, வாக்காளன் என்ன கேட்டான் என்பதைக் கதைகள் சொல்வதில்லை.

தரம் 10 மாணவர்களுக்கு 'நான் ஒரு பாராளுமன்ற உறுப்பினரானால்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். 31 பிள்ளைகள் எழுதினார்கள். வீதி போடுவேன், விளையாட்டு மைதானம் அமைப்பேன், ஏழைக் குமர்களுக்குக் கலியாணம் செய்து வைப்பேன், தொழில் கொடுப்பேன், பள்ளிவாசலுக்கு மினாரா கட்டுவேன் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தார்கள். சட்டம் என்ற சொல் ஒரு கட்டுரையிலும் இல்லை. பாராளுமன்றம் என்ற சொல் தலைப்பைத் தாண்டி இரண்டு கட்டுரைகளில் மட்டும் இருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் கேட்டதை எழுதினார்கள். "நம்மட மகனுக்கு ஒரு நியமனம் எடுத்துத் தருவாரா சேர்?" என்று என்னிடமே எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள்.

1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் எம்.பி.யின் கையில் சிறு வேலைகளுக்கான பணத்தைக் கொடுத்தது. அன்றிலிருந்து சட்டம் இயற்றுபவர் என்ற உருவம் மங்கி, பங்கிடுபவர் என்ற உருவம் துலங்கிற்று. பிரதேச சபையும் மாகாண சபையும் செய்யவேண்டியதையும் நாம் அவரிடமே கேட்டோம். மாகாண சபையிடம் கேட்கவும் வழியில்லாமற் போயிற்று. 2017 செப்ரெம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு 2024 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. ஆகவே அவர் வந்தாரா, தந்தாரா என்ற இரண்டு கேள்விகளே நமது அளவுகோலாயின. மேலே சொன்ன சிறுகதையின் அளவுகோலும் அதுவே. படைப்பாளி வாக்காளனின் தோளில் கைபோட்டு நிற்கிறானே தவிர, ஓர் அடி தள்ளி நின்று அவனைப் பார்க்கவில்லை.

இந்த அளவுகோலின் போதாமைக்கு நுரைச்சோலை வீட்டுத் திட்டம் சாட்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்றுப் பிரதேசத்தில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. பகிர்ந்தளிப்பது தொடர்பாக எழுந்த எதிர்ப்பும் வழக்கும் காரணமாக அவை பத்து வருடங்களுக்கு மேல் குடியேற்றமின்றிக் காடுமண்டிக் கிடந்தன. அங்கே அரசியல்வாதிகள் வராமல் இல்லை. வந்தார்கள், பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். தேர்தல் மேடைகளில் அவ்வீடுகள் திரும்பத் திரும்பக் கையளிக்கப்பட்டன. நீதிமன்றத் தீர்ப்பையும் காணிக் கொள்கையையும் இனவிகிதாசார அரசியலையும் எதிர்கொள்ளவேண்டிய ஒரு பிரச்சினை, வருகையால் தீருமா? அப்படியான வேலைக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று நாம் எண்ணியதுண்டா?

சிறுகதையை விட்டு மற்ற வடிவங்களைப் பார்ப்போம். தேர்தல் காலத்தில் நம் ஊர்களில் அதிகம் வாசிக்கப்படும் இலக்கியம் மொட்டைக் கடதாசி. எழுதியவர் பெயரோ அச்சகத்தின் பெயரோ இராது. சுபஹ் தொழுகைக்குப் போகிறவர் காலடியில் கிடக்கும். மொழி வளத்தில் நம் சிறுகதைகளைவிட அது மேலானது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ப் பேச்சு, பட்டப்பெயர், சிலேடை, நையாண்டி எல்லாம் அதில் உயிரோடு இருக்கும். ஆனால் அது பேசுவதெல்லாம் வேட்பாளரின் குடும்பம், கொந்தராத்து, கொமிசன், ஒழுக்கம் பற்றியே. அவர் சபையில் எதற்கு வாக்களித்தார் என்று கேட்ட மொட்டைக் கடதாசி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. பெயர் போடாமல் எழுதும் துணிவுக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

அங்கதம் என்ற வகையில் சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை இங்கே நினைக்கலாம். 1968இல் மேடையேறியது. கட்சி மாறி வருவோரையெல்லாம் உதவிப் பிரதமர்களாக்கும் காட்சிக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நமது நாட்டில் 2007 ஜனவரியில் எதிரணியிலிருந்து வந்தோரையும் சேர்த்து 50க்கு மேற்பட்ட அமைச்சர்களைக் கொண்ட அமைச்சரவை அமைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நம்மவர்க்கும் அதில் பங்கு கிடைத்ததால் ஊர்களில் வெடி கொளுத்தினார்கள். யதார்த்தம் அங்கதத்தை முந்திவிட்டால் எழுத்தாளன் என்ன செய்வது என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். நாம் பொன்னாடை போர்த்துவதில் மும்முரமாக இருந்தோம். நமது நூல் வெளியீட்டு விழாக்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். பிரதம அதிதி யார்? முதற்பிரதி பெறுபவர் யார்? கதையில் வரமாட்டார் என்று நாம் திட்டும் அந்த எம்.பி. நமது மேடைக்கு மட்டும் தவறாமல் வருகிறார்.

இங்கே இரங்கற்பாவையும் பேசியாக வேண்டும். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அரசியல்வாதி மட்டுமல்லர், 'நான் எனும் நீ' என்ற பெருந்தொகுதியைத் தந்த கவிஞர். 2000 செப்ரெம்பர் 16இல் அவர் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் மரணித்த பின் நம் கவிஞர்கள் எழுதிய இரங்கற்பாக்கள் ஏராளம். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் காலம் செல்லச் செல்ல, 'தலைவர் இருந்திருந்தால்' என்ற வரி நம் அரசியல் கவிதையின் முடிவுரையாக நிலைத்துவிட்டது. இருப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வியை இறந்தவரிடம் அழுகையாகச் சொல்வது எளிது. அவர் பதில் சொல்லமாட்டார், கோபிக்கவும் மாட்டார். இருப்பவருக்கும் இது மிக வசதி. மேடையில் அவரே அக்கவிதையை முதலில் வாசிக்கிறார்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொவிட் தொற்றால் மரணித்தோரின் உடல்களை எரிக்கவேண்டும் என்றது. நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த வருடம் டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் கபன் துணிகள் கட்டப்பட்டன. அந்த மாதங்களில் எழுதப்பட்ட கவிதைகள் நமது இலக்கியத்தின் மிக உண்மையான பகுதி என்பேன். பெயர் தெரியாத இளைஞர்களும், அதுவரை ஒருவரி எழுதியிராத தாய்மாரும் எழுதினார்கள். தீயைப் பாடினார்கள், சாம்பலைப் பாடினார்கள், குளிப்பாட்டப்படாத உடலைப் பாடினார்கள். 2021 பெப்ரவரி 25 வர்த்தமானியால் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மார்ச் 5இலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்தத் திகதிகளின் நடுவே இன்னொரு திகதி கிடக்கிறது: 2020 ஒக்டோபர் 22. அன்று, ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக விழுந்தவை 65. எரிப்பு நடந்துகொண்டிருந்த அந்த நாளில், எதிரணிப் பட்டியல்களில் நம் வாக்குகளால் தெரிவான முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். இது முதல் தடவையும் அல்ல. 2010 செப்ரெம்பர் 8இல், இரண்டு தவணை என்ற வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிரணியில் தெரிவாகியிருந்த நமது கட்சி ஆதரவாக வாக்களித்தது. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தபோது அது அரசாங்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றுள் சில, உள்ளே இருந்து பேசிச் சமூகத்தைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணக் காரணங்களாகவும் இருந்திருக்கலாம்.

என் கேள்வி கவிதைகளைப் பற்றியது. என் கண்ணில் பட்ட ஜனாஸாக் கவிதைகளுள் தீயிடம் பேசியவை பல, அதிகாரத்திடம் பேசியவை சில. ஒக்டோபர் 22ஐப் பேசியதாக நான் கண்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம்மை எரித்தவரைப் பாடினோம், நாம் அனுப்பியவரைப் பாடவில்லை. அந்த வாக்கு நமது பெயரால் அளிக்கப்பட்டது. அவர் நம் தெருவுக்கு வராமல் இருந்த நாட்களை எண்ணிக் கணக்கு வைத்திருக்கும் நாம், அவர் அங்கே சமுகமாயிருந்த அந்த ஒரு நாளைக் கணக்கில் எழுதவில்லை. வராத எம்.பி.யைவிடப் பயங்கரமானவர் வந்திருந்த எம்.பி. அன்று அவர் சபையில் தம் ஆசனத்தில்தான் இருந்தார்.

"இலக்கியம் பத்திரிகை அல்ல, சட்டத்திருத்தங்களை வைத்துக் கதை எழுத முடியுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருத்தத்தின் வாசகங்களைக் கதையாக்கச் சொல்லவில்லை. அன்று பிற்பகல் அந்த ஆசனத்தில் இருந்த மனிதனை எழுதச் சொல்கிறேன். அவனுக்கும் வீட்டில் உம்மா இருப்பாள். தொலைபேசியில் ஊரிலிருந்து ஒருவர், "நம்மட றோட்டுக் காசு எப்ப வரும்?" என்று கேட்டிருக்கக்கூடும். அரசாங்கத்தோடு நின்றால் றோட்டு வரும், நிற்காவிட்டால் வராது. ஊர் கேட்பது றோட்டு. அவன் யாருக்குத் துரோகம் செய்தான், யாருக்கு விசுவாசமாயிருந்தான்? இக்கேள்வி கறுப்புக் கண்ணாடி வில்லனிடம் எழாது, மனிதனிடந்தான் எழும். பாத்திரத்தை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவனைப் புரிந்துகொண்ட பிறகுதான் அவனது குற்றத்தின் கனமும் அதில் நமது பங்கும் தெரியவரும்.

இணைப்பாளரை எழுதுங்கள். அவர் நம் ஊர்ப் பிள்ளை. காலையில் 40 பேருக்குப் பொய் சொல்லிவிட்டு லுஹருக்கு அதே 40 பேரோடு ஸஃப்பில் நிற்பவர். மகஜரை எழுதுங்கள். பாடசாலை ஆசிரியன் என்பதால் ஊரில் பல மகஜர்களை எழுதிக் கொடுத்தவன் நான். 'தங்களது மேலான கவனத்துக்கு' என்று தொடங்கும் அந்த மொழியே வாக்காளனைப் பிச்சைக்காரனாக்கிவிடுகிறது. உரிமையைக் கேட்பதற்கு நம்மிடம் ஓர் உரைநடை இல்லை. அதை உருவாக்குவது இலக்கியக்காரரின் வேலை அல்லாமல் வேறு யாருடையது?

வாக்காளன் எப்போதும் மழையில் நனைந்து திரும்பும் மூதாட்டியாக மட்டும் இருக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் சாய்ந்தமருது மக்கள், தனியான சபை பற்றிய வாக்குறுதி நிறைவேறாத கோபத்தில் பெரிய கட்சிகளைப் புறந்தள்ளி, பள்ளிவாசலை மையமாகக் கொண்ட சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தனர். 2020 பெப்ரவரியில் சபைக்கான வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கல்முனைக்குடிக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே அக்காலத்தில் எத்தனை வீடுகளில் பேச்சு நின்றது! ஒரு நாவலுக்குப் போதுமான கோபமும் துயரமும் அங்கே உண்டு. 2022இல் நாடே தெருவில் இறங்கி '225 பேரும் வேண்டாம்' என்றது. ஆனால் அந்தச் சுலோகமும் நமது சிறுகதையின் குறையையே உடையது. ஆதரித்தவரையும் எதிர்த்தவரையும் அது ஒரே இலக்கத்துக்குள் போட்டுவிட்டது. 20க்கு எதிராக வாக்களித்தவர்களும் அந்த 225க்குள்தான் இருந்தார்கள்.

2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. பழைய முகங்கள் பல மறைந்தன. வாக்களிக்கப் போனவர்கள் ஏறத்தாழ 69 சதவீதம், 2020இல் இருந்ததைவிடக் குறைவு. கோபங்கொண்டவர்களுள் ஒரு பகுதியினர் ஆளை மாற்றினர், இன்னொரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிட்டனர் என்று கொள்ளலாம். ஆள் மாறியதற்கு மகிழ்வோரோடு எனக்குச் சண்டை இல்லை. அளவுகோல் மாறியதா என்பதே என் கவலை. புதியவர்களையும் வந்தாரா, தந்தாரா என்று மட்டும் அளந்தால், அடுத்த போட்டிக்கும் அதே மூதாட்டி, அதே மழை, அதே கதைதான் என் மேசைக்கு வரும்.

பாராளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சாட்டில், ஒவ்வோர் உறுப்பினரும் பேசியது அவர் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. பெயர் குறித்த வாக்கெடுப்பு நடந்தால், யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பதும் பெயர் பெயராகப் பதிவாகிறது. தமிழ்ப் பேச்சுகளைத் தமிழிலேயே வாசிக்கலாம். கதை எழுதும் நண்பர்கள் தம் மாவட்ட உறுப்பினர் ஒருவரின் ஒரு வருடப் பேச்சுகளையும் வாக்குகளையும் மட்டும் எடுத்து வாசித்துப் பார்க்கட்டும். சில இடங்களில் நாம் திட்டும் மனிதர் நம் பிரச்சினையைச் சரியாகப் பேசியிருப்பார்; சில இடங்களில் நாம் மாலை போட்ட மனிதர் ஒன்றுமே பேசாதிருப்பார். இரண்டும் நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். அந்த அதிர்ச்சியிலிருந்து எழுதப்படும் கதையில், இணைப்பாளர் "நாளைக்கு வாங்க" என்று சொன்னதும் மூதாட்டி திரும்பிப் போகமாட்டாள். "அண்டைக்குச் சபையில எங்கட பேரால என்னத்துக்கு வாக்குப் போட்டாரு?" என்று அங்கேயே நின்று கேட்பாள். அந்தக் கதைக்கு நான் முதற் பரிசு கொடுப்பேன்.